18 மாத நெகடிவ் அறிக்கைகளும் ஒரு கன்வேயர் உருளையும்

பின்னணி

நடுத்தர அளவிலான ஓர் உணவுத் தொழிற்கூடத்தில் நடந்தது இது. இறைச்சியை வேகவைத்து, குளிரவைத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டி, காற்றை உறிஞ்சி எடுத்த 250 கிராம் பொட்டலங்களாக அடைப்பது அவர்கள் வேலை. வாங்குபவர் அதைச் சூடாக்காமல் அப்படியே சாப்பிடலாம். 4 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்திருக்கலாம் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும். வெட்டுவதற்கு ஒரே ஒரு லைன்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,000 பொட்டலங்கள்.

நான் அங்கே ஊழியன் அல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை போய் உணவுப் பாதுகாப்புத் திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வெளி ஆலோசகன். பின்னால் வரும் தவறுகளில் ஒன்றில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வகை உணவில் முக்கியமாகப் பயப்பட வேண்டியது லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு. மற்ற பல கிருமிகள் குளிர்பெட்டியில் தூங்கிவிடும். இது மெதுவாக என்றாலும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் வளரும். கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு உயிராபத்து.

வேகவைக்கும் கட்டத்தில் சிக்கல் இல்லை. உணவின் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம் இருந்தாலே லிஸ்டீரியா பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அவர்களுடைய வெப்பநிலைப் பதிவுகள் அதற்கும் மேலே இருந்தன, ஒருநாள் கூட விடுபடவில்லை. இங்கே ஒரு தெர்மாமீட்டர் தரும் உறுதியை எந்த ஆய்வகமும் தர முடியாது. ஆபத்து இருந்தால் அது வெந்த பிறகு, வெட்டும் அறையில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அதற்காக வைத்திருந்த பரிசோதனைத் திட்டம் இப்படி: வாரம் ஒரு நாளின் உற்பத்தியிலிருந்து, அடைத்த அன்றே, 5 பொட்டலங்கள் வெளி ஆய்வகத்துக்குப் போகும். ஒவ்வொன்றிலும் 25 கிராம் எடுத்துச் சோதிப்பார்கள். தவிர, மாதம் ஒரு முறை வெட்டும் அறையில் 10 இடங்களில் ஸ்வாப், அதாவது பரப்பைத் துடைத்தெடுத்துக் கிருமி தேடும் சோதனை. 18 மாதம், அதாவது 78 வாரம், 390 மாதிரிகள். அத்தனையும் நெகடிவ். ஸ்வாப்களும் அப்படியே. தர மேலாளர் அந்த அறிக்கைகளை ஒரு தடித்த ஃபைலில் கோத்து வைத்திருந்தார். தணிக்கைக்கு யார் வந்தாலும் முதலில் மேசைக்கு வருவது அந்த ஃபைல்தான்.

முதல் தகவல்

பொருளை வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்று, தானாகவே கடைசித் தேதி நெருங்கிய 5 பொட்டலங்களை எடுத்துச் சோதித்திருந்தது. அவை அடைத்து 26 நாள் ஆனவை. ஒன்றில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் இருந்தது. எண்ணிக்கை ஒரு கிராமுக்கு 40.

அன்று காலை கூட்ட அறையில் இரண்டு கருத்துகள் எழுந்தன. முதலாவது, "அந்த ஆய்வகத்தில் ஏதோ கலந்திருக்கும்." இரண்டாவது, "100-க்குக் கீழேதானே இருக்கிறது, பிறகென்ன?"

இரண்டாவதுக்குப் பதில் சொல்வது எளிது. உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் 2009-ல் கொண்டுவந்த அளவுகோலில் ஒரு கிராமுக்கு 100 என்ற வரம்பு லிஸ்டீரியா வளர இடம் கொடுக்காத உணவுகளுக்கு உரியது: பிஎச் (குறைந்தால் அமிலம் அதிகம்) 4.4-க்குக் கீழே, அல்லது நீர்ச் செயல்பாடு (கிருமி பயன்படுத்தக்கூடிய ஈரத்தின் அளவு) 0.92-க்குக் கீழே என்பது போன்ற நிலையில் உள்ளவை. இவர்கள் பொருளின் பிஎச் 6.2, நீர்ச் செயல்பாடு 0.97. தாராளமாக வளரும். அத்தகைய உணவுக்கு அதே அளவுகோல் சொல்வது, 5 மாதிரிகளிலும் 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது. அதோடு, அந்த 40 என்பது ஒரு பொட்டலத்தில், ஒரு நாளில், சரியான குளிரில் வைத்திருந்த நிலையில் எடுத்த அளவு. வீட்டில் 8 டிகிரியில் கிடக்கும் பக்கத்துப் பொட்டலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

முதல் கருத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. ஆய்வகத்தில் கலப்பு நடப்பது உண்டு. கிருமி இல்லாத வெற்று மாதிரி அன்று என்ன காட்டியது, பாசிடிவ் கட்டுப்பாட்டுக்கு, அதாவது சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க, எந்த வகைக் கிருமியைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு எழுதினோம். வெற்று மாதிரி சுத்தம். பிரித்தெடுத்த கிருமியையும் தூக்கிப் போடாமல் பாதுகாத்து வைக்கச் சொன்னோம். விசாரணை முழுவதும் பிறகு அந்த ஒரு வேண்டுகோளில்தான் தொங்கியது.

ஐந்து நெகடிவ்

அதே நாள் உற்பத்தியிலிருந்து எடுத்து வைத்த 5 பொட்டலங்கள் குளிர் அறையில் இருந்தன. உற்பத்தி மேலாளர் அவற்றை உடனே அனுப்பினார். பிசிஆர் முறையில் இரண்டு நாளில் முடிவு வந்தது: ஐந்தும் நெகடிவ். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "ஒன்றுக்கு எதிராக ஐந்து. ஃபைலை மூடலாமா?"

மூடவில்லை. அந்த முடிவுக்காக நான் பலகையில் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். இதுபோன்ற கூட்டத்தில் உட்காரும் யாருக்கும் உதவும்.

100-ல் ஒரு பொட்டலம் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். 4,000-ல் 40 பொட்டலங்கள். அந்த 4,000-லிருந்து 5 எடுத்தால் கெட்டது ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 60 எடுத்தால் 45 சதவீதம். 95 சதவீத உறுதி வேண்டும் என்றால் 300 எடுக்க வேண்டும். ஆகவே, ஐந்து நெகடிவ் அந்த ஒரு பாசிடிவை அடித்துவிடாது. கெட்டது இருக்கும்போதும் ஐந்து நெகடிவ் வருவதுதான் பெரும்பாலும் எதிர்பார்க்க வேண்டியது.

உடனே தர மேலாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "சரி, ஒரு நாளுக்கு அப்படி. 390 மாதிரி பார்த்திருக்கிறோமே? 100-க்கு ஒன்று என்றால் நாலு தடவையாவது வந்திருக்க வேண்டாமா?"

வந்திருக்க வேண்டும், கெட்ட பொட்டலத்தை எடுத்தாலே கண்டுபிடித்துவிடுவோம் என்றால். ஆனால் மாதிரி எடுத்தது அடைத்த அன்றே. அன்று ஒரு பொட்டலத்தில் இரண்டே இரண்டு பாக்டீரியா ஒட்டியிருக்கலாம். 250 கிராமில் சோதிப்பது 25 கிராம், பத்தில் ஒரு பங்கு. இரண்டில் ஒன்றாவது அந்தப் பங்குக்குள் வர 19 சதவீத வாய்ப்புதான். 100-ல் ஒன்று என்பதையும் இந்த 19 சதவீதத்தையும் பெருக்கினால் ஒரு மாதிரியில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.19 சதவீதம். 390 மாதிரிகளும் நெகடிவாக வர 48 சதவீத வாய்ப்பு. காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த ஃபைல் மேசையில்தான் இருந்தது.

உரிமையாளர் மட்டும், "அப்படியானால் தினமும் 300 பொட்டலம் சோதிப்போம்" என்றார். 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தவர்கள் இதே சுவரில்தான் முட்டினார்கள். ஒரு தொகுதி பாதுகாப்பானது என்று சோதனையால் நிரூபிக்கப் போனால் பெரும்பகுதி சோதனைக்கே தீர்ந்துவிடும் என்று கண்டுகொண்ட பிறகுதான், தயாரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் கட்டுப்படுத்தும் ஹேசாப் முறை பிறந்தது. அதைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை.

பாசிடிவை உண்மை என்றே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த ஒரு நாள் உற்பத்தியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றோம். கண்காணிக்கும் அரசுத் துறைக்கும் தகவல் போனது. புதிதாக அடைப்பவை எதுவும் வெளியே போகாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் 2017-18-ல் சாப்பிடத் தயாரான இறைச்சியிலிருந்து பரவிய லிஸ்டீரியாவால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் பேரம் பேச மாட்டார்கள்.

ஒரு நாள் உற்பத்தியை மட்டும் என்ற இடத்தில்தான் தவறினோம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தேடல்

கிருமி எங்கே குடியிருக்கிறது என்று தேட வேண்டும். முதலில் பழைய ஸ்வாப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 10 இடங்கள்: மேசைத் தளம், தராசுத் தட்டு, வெட்டும் இயந்திரத்தின் வெளி உறை இப்படி. எல்லாம் தட்டையான, கைக்கு எட்டும், நன்றாகத் துடைபடும் இடங்கள். எடுத்த நேரம் காலை வேலை தொடங்குமுன், கிருமிநீக்கி அடித்து அரை மணி ஆகும்போது. எடுத்தது சாதாரணப் பஞ்சுக் குச்சியால், கிருமிநீக்கியைச் செயலிழக்கச் செய்யும் திரவம் இல்லாமல். மேற்பரப்பில் மீந்திருக்கும் மருந்து குச்சியோடு சேர்ந்து ஆய்வகம் வரை போகும். வழியில் ஏதாவது பாக்டீரியா இருந்தாலும் கொன்றுவிடும். கண்டுபிடிக்காமல் இருப்பதற்கென்றே திட்டமிட்டதைப் போல இருந்தது. பட்டியலின் கீழே "பார்வையிடப்பட்டது" என்று முந்தைய ஆண்டு நான் போட்ட கையெழுத்து.

எப்படி விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணிக்கையைப் பார்த்தேன், அட்டவணை ஒழுங்காக இருந்ததைப் பார்த்தேன். லைன் ஓடும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடக்கவில்லை.

இந்த முறை எல்லாவற்றையும் மாற்றினோம். வேலை தொடங்கி மூன்று மணி நேரம் கழித்து, இயந்திரங்கள் அதிர்ந்து, ஒளிந்திருப்பது வெளியே கசிய நேரம் கொடுத்து எடுப்பது. கிருமிநீக்கியைச் செயலிழக்கச் செய்யும் திரவத்தில் நனைத்த ஸ்பாஞ்சு. 60 இடங்கள்: உணவு படும் பரப்பு, அதை ஒட்டிய பரப்பு, தரை, வடிகால். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸை மட்டும் தேடாமல், லிஸ்டீரியா இனத்தில் எது வந்தாலும் எச்சரிக்கை என்று வைத்தோம். தீங்கில்லாத உறவுக்கார இனம் வாழும் ஈரத்தில் தீங்குள்ளதும் வாழும். இதில் இன்னொரு காரணமும் உண்டு. லிஸ்டீரியா இன்னோகுவா என்ற தீங்கில்லாத இனம், ஆய்வகத்தில் பெருக்கும் திரவத்தில் வேகமாக வளர்ந்து தீங்குள்ளதை அமுக்கிவிடக்கூடும். அப்போது "மோனோசைட்டோஜீன்ஸ் இல்லை" என்ற அறிக்கை வரும்.

60-ல் 7 பாசிடிவ். நான்கு தரை வடிகாலிலும் அதைச் சுற்றியும். மூன்று வெட்டும் இயந்திரத்திலிருந்து துண்டுகளை எடுத்துச் செல்லும் கன்வேயரின் கீழே. உணவு படும் பரப்பில் ஒன்றுமில்லை. கன்வேயரைக் கழுவித் துடைத்தார்கள். மறுநாள் அதே இடத்தில் மீண்டும் பாசிடிவ்.

அப்போதுதான் இரவுத் துப்புரவுக் குழுவின் மூத்தவரிடம் பேசினேன். அதுவரை அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. "அந்தக் கடைசி உருளையா சார்? அது எப்பவுமே அழுதுகிட்டேதான் இருக்கும். ராத்திரி கழுவிக் காய வச்சாலும் காலையில ஓட்டினா சொட்டும்" என்றார்.

உருளை

கழற்றிப் பார்த்தோம். உள்ளே கூடாக இருக்கும் எஃகு உருளை. ஒரு முனையின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல். கழுவும் தண்ணீரும் இறைச்சிச் சாறும் அதன் வழியே உள்ளே போய்த் தங்கும். உருளை சுழலும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், சில நாள் அதிகம், சில நாள் இல்லவே இல்லை. அறுத்துத் திறந்தபோது வந்த நாற்றத்தை மறக்க முடியாது. உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம். எத்தனை கிருமிநீக்கி மாற்றினாலும் அங்கே போய்ச் சேராது.

உருளைக்குள்ளிருந்து எடுத்த கிருமியையும், வாங்கிய நிறுவனத்தின் ஆய்வகம் பாதுகாத்து வைத்திருந்த கிருமியையும் முழு மரபணு வரிசை எடுத்து ஒப்பிட்டோம். இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம். ஆய்வகத்தின் கட்டுப்பாட்டுக் கிருமியோடு ஒட்டவே இல்லை. "ஆய்வகத்தில் கலந்திருக்கும்" என்ற வாதம் அத்துடன் முடிந்தது.

கூடவே இன்னொன்றும் உடைந்தது. ஒரு நாள் உற்பத்தியை மட்டும் திரும்பப் பெற்றது, இரவுக் கழுவல் ஒரு நாளையும் அடுத்த நாளையும் பிரிக்கிறது என்ற நம்பிக்கையில். கிருமி கழுவலுக்கு எட்டாத உருளைக்குள் இருந்தால் அந்தப் பிரிவுக்கு அர்த்தமே இல்லை. காலாவதி ஆகாத 28 நாள் உற்பத்தி முழுவதையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. முதல் முடிவுக்கும் இதற்கும் இடையே 9 நாள். அந்த 9 நாளில் எத்தனை பொட்டலங்கள் தின்று தீர்ந்தன என்று யாராலும் சொல்ல முடியாது.

திரும்பி வந்த சரக்கை மறுபடி வேகவைத்து, சோதித்து, வேறு பொருளாக்கலாமா என்று உற்பத்தி மேலாளர் கேட்டார். லிஸ்டீரியா செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் திரும்பி வரும் வழியில் எவ்வளவு நேரம் குளிர் இல்லாமல் கிடந்தது என்று பதிவு இல்லை. அந்த நேரத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்திருந்தால் அது விட்டுச்செல்லும் நச்சு கொதிநிலையையும் தாங்கும். வேகவைத்த பிறகு கிருமியைத் தேடினால் நெகடிவ் வரும், நச்சு அப்படியே இருக்கும். 2000-ல் ஜப்பானில் 13,000-க்கும் மேற்பட்டோரைப் பாதித்த பால் பொருள் விபத்து இந்த நச்சால்தான். முழுச் சரக்கும் அழிக்கப்பட்டது.

இடையில் நடந்த ஒரு சொதப்பல்

உருளையைக் கழற்றிய இரவே அறை முழுவதையும் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் உயர் அழுத்த ஹோஸால் தரையையும் வடிகாலையும் அடித்திருக்கிறார்கள். நான் அப்போது அங்கே இல்லை. தடுக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த சுற்றில் 60-ல் 13 பாசிடிவ். இரண்டு, உணவு படும் பரப்பில். வடிகாலுக்குள் கிடந்ததைத் திவலையாக்கி அறையெங்கும் தூவியிருக்கிறார்கள்.

மறுபடி முதலிலிருந்து. குறைந்த அழுத்தம், தேய்த்துக் கழுவுதல், வடிகால் கடைசியில், அதற்கெனத் தனித் தூரிகை. கழற்ற முடிந்த பாகங்களைக் கழற்றி வெந்நீர்த் தொட்டியில் முக்கினார்கள். கூடான உருளைகள் அனைத்துக்கும் பதில் கெட்டியான உருளைகள் வந்தன. தொடர்ந்து மூன்று சுற்று ஸ்வாப் சுத்தமான பிறகே லைன் ஓடியது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு நாள் உற்பத்தியும் சோதனை முடிவு வரும்வரை கிடங்கிலேயே காத்திருந்தது.

அதன் பிறகு

இந்தப் பொருளோடு தொடர்புள்ள நோயாளி என்று யாரும் அடையாளம் காணப்படவில்லை. லிஸ்டீரியா சாப்பிட்ட 70 நாள் வரை கழித்துக்கூட நோயாக வெளிப்படலாம் என்பதால் அவ்வளவு நாளும் காத்திருந்தே இதை எழுதிக்கொண்டோம். அடையாளம் காணப்படவில்லை என்பதற்கு மேல் நாங்கள் எதையும் சொல்லவில்லை.

புதிய ஸ்வாப் திட்டத்தில் முதல் ஆண்டு பாசிடிவ்கள் அவ்வப்போது வந்தன, பெரும்பாலும் வடிகாலில். வாங்கும் நிறுவனத்தின் அதிகாரி அதைப் பார்த்துக் கலங்கினார்: "முன்பு 18 மாதம் ஒன்றும் இல்லையே, இப்போது மோசமாகிவிட்டதா?" அவரை ஒரு நாள் முழுக்க வெட்டும் அறையில் நிற்கவைத்து, எங்கே, எப்போது, எப்படி எடுக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது. முழுதாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஒவ்வொரு சரக்கோடும் நெகடிவ் சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை. கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் நாளே 28 நாள் உற்பத்தியையும் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். கிருமி எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலையில், இரவுக் கழுவல் எல்லையாக நின்றது என்று நம்ப எங்களிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. ஆதாரம் கிடைத்த பிறகு சுருக்கியிருக்கலாம். நாங்கள் சுருக்கி வைத்துவிட்டுப் பிறகு விரித்தோம்.

பொட்டலச் சோதனையை நிறுத்தவில்லை, இடம் மாற்றினோம். அடைத்த அன்று எடுப்பதைக் குறைத்து, 4 டிகிரியில் 28 நாள் வைத்திருந்து கடைசி நாளில் சோதிக்கும் மாதிரிகளைக் கூட்டினோம். சரக்கை விடுவிக்க இது உதவாது, அதற்குள் சரக்கு தீர்ந்திருக்கும். ஆனால் இரண்டு பாக்டீரியா ஒட்டியிருந்தாலும் வளர்ந்து தலைகாட்டும். இதை முன்பே செய்திருந்தால் வாங்குபவர் சொல்லுமுன் நமக்கே தெரிந்திருக்கக்கூடும்.

ஸ்வாப் முடிவுகளைத் தனித்தனி அறிக்கையாகக் கோக்காமல், அறையின் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வருகிறார்கள். வடிகாலில் ஒரு தடவை வந்தால் கழுவல். அதே இடத்தில் இரண்டாவது தடவை வந்தால் கழற்றிப் பார்த்தல். 10 இடங்கள் நிலையாகவும், மற்றவை எடுப்பவர் விருப்பப்படியும் இருக்கின்றன. எடுப்பவரிடம் சொல்லியிருப்பது, கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை என்று. பாசிடிவ் கொண்டுவந்தவரிடம் "ஏன் அங்கே எடுத்தாய்" என்று கேட்கக் கூடாது என்பதை உரிமையாளரே கூட்டத்தில் சொன்னார். எழுத்தில் வேண்டும் என்று தர மேலாளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரவுத் துப்புரவுப் படிவத்தில் ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது: "இன்று எங்கே தண்ணீர் நின்றது, எங்கே சொட்டியது?" சென்ற முறை நான் போனபோது முந்தைய வாரத்துப் படிவத்தில் "குளிர் அறைக் கதவு ரப்பர், கீழ் மூலை" என்று எழுதியிருந்தது. ஸ்வாப் எடுத்தார்கள், நெகடிவ். ரப்பரை மாற்றிவிட்டார்கள்.